ஞாயிற்றுக்கிழமை முட்டை

எங்கள் கோயில் ஆண்டு மலரில் தமிழுக்கென்று நான்கு பக்கம் ஒதுக்குவார்கள். இந்த ஆண்டு செயலாளர் என் வீட்டுக்கு வந்து, "மணி அண்ணே, நாலு பக்கமும் காலியாக் கெடக்கு. தமிழ் எழுதத் தெரிஞ்சவங்க எல்லாம் கனடாவுலயும் சிட்னியிலயும் இருக்காங்க. மிச்சம் நீங்கதான்" என்றார். ஓட்டப் பந்தயத்தில் எல்லாரும் ஓடிப்போன பிறகு நின்றவனுக்குக் கிடைத்த பரிசு இது. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பேசுவதற்கே கூச்சப்படுகிறவன். எதைப் பற்றி எழுதுவது என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்க" என்றார். எனக்குத் தெரிந்தது கோழி.

முழங்கால் ஒத்துழைக்காததால் என் முட்டைக் கோழிப் பண்ணையைக் கவிதா என்ற பெண்ணிடமும் அவள் கணவனிடமும் கொடுத்துவிட்டு இப்போது சும்மா இருக்கிறேன். போன மாதம் கவிதா என்னைக் கூப்பிட்டுக் கொட்டகையில் புதிதாகப் போட்ட பெல்ட்டைக் காட்டினாள். கோழி முட்டையிட்டதும் அது உருண்டு பெல்ட்டில் விழுகிறது. பெல்ட் அதை ஊர்வலமாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. "பட்டனை அமுக்கினாப் போதும் அங்கிள். ஞாயித்துக்கிழமைகூட நம்ம கை படவே வேணாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் காலத்துல இந்த பெல்ட் இருந்திருந்தா சார்ஜென்ட் ஜோனே இதத்தான் கைது பண்ணியிருப்பார்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் அவள் கணவனும் தீனி லாரிக்காரரும் வந்து நின்று கேட்க ஆரம்பித்தார்கள். மூன்று பேருக்கு முன்னால் எனக்குக் கதை வராது. அதனால் எழுதுகிறேன். கவிதா பேசியது ஃபிஜி இந்தியில். இங்கே எல்லாரும் பேசுவது அதுதான். எங்கள் வீட்டில் அம்மாவும் அக்காவும் நானும் மட்டும் தமிழ் பேசிக்கொண்டோம். மற்றவர்கள் பேச்சை நான் தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ஊரான லோவில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு தகரக் கொட்டகைகளையும் ஐந்நூறு கோழிகளையும் விட்டுப் போயிருந்தார். விவசாய அலுவலகத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனேன். மூன்று நாளும் கடைசி வரிசை. சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார்கள். நிறைய இருந்தது, கேட்கவில்லை. மிச்சத்தைக் கோழிகளிடமே கற்றுக்கொண்டேன். அவை நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை.

வேலை இதுதான். தரையில் ஆலையிலிருந்து வரும் கரும்புச் சக்கையைக் காயவைத்துப் பரப்ப வேண்டும். சுவரோரம் மரத்தால் முட்டைப் பெட்டிகள். ஒரு நாளைக்கு மூன்று முறை எடுக்க வேண்டும். காலை, நடுப்பகல், மாலை. முட்டையைத் தண்ணீரில் கழுவக் கூடாது, சீக்கிரம் கெட்டுப்போகும். உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். அப்புறம் விளக்குக்கு முன்னால் பிடித்து, விரல்களுக்கு நடுவே ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதன் பிறகுதான் அட்டையில் வைக்க வேண்டும், கூரிய முனை கீழே. ஒரு அட்டைக்கு முப்பது. நான் ஒரு முட்டையைக்கூடச் சுற்றிப் பார்க்காமல் வைத்ததில்லை. "பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போனா நிமிந்து பாக்க மாட்டான். முட்டைய மட்டும் சுத்திச் சுத்திப் பாப்பான்" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

எங்களுக்குப் பெரிய வாடிக்கை நாடி நகரத்தில் ஒரு ஹோட்டல். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பத்து அட்டை. வாங்குகிறவர் அந்த ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர். ஐரோப்பாக்காரர். எல்லாரும் அவரை ஷெஃப் என்பார்கள். அவருக்கு முந்தின நாள் இட்ட முட்டைதான் வேண்டும். ஓட்டை உடைத்துக் கொதிக்கிற தண்ணீரில் ஊற்றி வேகவைக்கும் ஒரு பண்டம் அவர்கள் காலையில் சாப்பிடுவார்கள். புது முட்டை என்றால் உருண்டு திரண்டு நிற்கும், பழசு என்றால் கந்தலாகிவிடும். ஷெஃப் எதையும் வாய் வார்த்தையாக நம்ப மாட்டார். ஒவ்வொரு அட்டையிலிருந்தும் தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுப்பார். இடது கையாலேயே வெள்ளைத் தட்டில் உடைப்பார். குனிந்து, தட்டின் விளிம்பு மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, மஞ்சள் கரு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்ப்பார். சரி என்றால், "ம்." சரியில்லை என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். இரண்டு வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டது என் பக்கம் குட்மார்னிங், அவர் பக்கம் ம். எனக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார்.

எண்பத்தேழாம் வருஷம், இந்தியர்கள் நிறையப் பேர் இருந்த அரசாங்கத்தைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில மாதம் கழித்து, முதலில் பிடித்தது போதவில்லையோ என்னவோ, இன்னொரு முறையும் பிடித்தது. அதற்கப்புறம் லோவில் இரண்டே பேச்சு. யார் போய்விட்டார்கள், யார் போகப்போகிறார்கள். என் அக்கா பார்வதியின் வீட்டுக்காரர் மெக்கானிக். கனடாவில் மெக்கானிக்குக்குத் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டு மாமா விண்ணப்பம் போட்டார், கிடைத்தும்விட்டது. அக்கா எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

"டேய் மணி, நாளைக்கு இந்த நாட்டுல என்ன நடக்கும்னு உனக்கும் தெரியாது, உன் கோழிக்கும் தெரியாது. வித்துட்டு வாடா."

அக்கா சொன்னதில் தப்பில்லை. ஆனால் கனடாவில் பஸ் ஏறும்போது டிரைவருக்கு குட்மார்னிங்கும் இறங்கும்போது தேங்க்யூவும் சொல்ல வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு நான்கு பஸ் என்றால் எட்டு முறை. இதை நினைத்தாலே எனக்கு வியர்த்தது.

அம்மா நேராகவே சொல்லிவிட்டாள். "நான் வரல. அந்தக் குளிர்ல என் மூக்கு விழுந்துடும்."

"உன் மூக்குக்காக நாங்க தனியாப் போகணுமா?" என்று அக்கா அழுதாள். அவள் அழுதால் அம்மாவால் தாங்க முடியாது. கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. ஹோட்டல் ஆர்டர் நிற்கிற வரைக்கும் அம்மாவும் நானும் லோவில் இருக்கலாம். அது போய்விட்டால் கோழிகளை விற்றுவிட்டு மறுபேச்சில்லாமல் பிளேன் ஏற வேண்டும். அம்மா கற்பூரம் ஏற்றிச் சத்தியம் பண்ணினாள். நான் தலையாட்டினேன்.

அடுத்த வாரமே ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் வந்தது.

ஞாயிறு ஓய்வு நாள். யாரும் வேலை செய்யக் கூடாது, விற்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது. வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிட வேண்டும் என்பதால் ஹோட்டல் அடுப்பு மட்டும் எரியலாம். முதல் ஞாயிறு காலை நான் கொட்டகைக்குள் கூடையோடு நின்றபோது வேலிக்கு வெளியே ஆள் தெரிந்தது. பக்கத்து ஃபிஜியர் கிராமத்தில் இருக்கிற போலீஸ் சார்ஜென்ட் ஜோனே. சர்ச் உடுப்பில், கையில் அரசாங்கக் காகிதத்தோடு நின்றார். அப்பாவின் பழைய சிநேகிதர். நல்லவர். ஆனால் சட்டத்தை ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் படிக்கிறவர்.

"பய்யா, புகார் வந்திருக்கு. உள்ள வேலை நடக்குதாமே? ரோடு வரைக்கும் சத்தம் கேக்குதாம்."

"அது கோழிங்க, சார்."

"என்ன பண்ணுதுங்க?"

"முட்டை... போடுதுங்க. போட்டா அப்பிடித்தான் கத்தும்."

அவர் காகிதத்தில் விரலை ஓட்டினார். இரண்டு பக்கமும் பார்த்தார். "கோழியைப் பத்தி இதுல ஒண்ணும் போடல. அதுங்க போடலாம். நீ எடுக்கக் கூடாது."

"தண்ணி வைக்கலாமா?"

"வை. தீனியும் போடு. அது இரக்கம். முட்டை எடுக்கறது வியாபாரம்."

"வீட்டுக்குச் சாப்பிட?"

"எத்தனை பேரு?"

"அம்மாவும் நானும்."

"ரெண்டு எடுத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச தூரம் போனவர், திரும்பி வந்து, "அம்மாவுக்குப் பசிச்சா மூணு" என்றார்.

அம்மா அன்று விரதம். அதை அவரிடம் சொல்லவில்லையே என்று உறுத்தியது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

மறுநாள் விடியலில் திறந்தபோது கொட்டகை ஒரு கல்யாண வீட்டின் மறுநாள் மாதிரி இருந்தது. பெட்டிகளில் முட்டை குவிந்திருந்தது, குவியலின் மேல் கோழி உட்கார்ந்திருந்தது, உட்கார்ந்ததில் உடைந்திருந்தது. சில கோழிகள் மூக்கெல்லாம் மஞ்சளோடு, கோயிலுக்குக் கிளம்பிய சுமங்கலிகள் மாதிரி உலாத்திக்கொண்டிருந்தன. இதுதான் பயங்கரம். முட்டையின் ருசி கண்ட கோழி அதை விடாது. பக்கத்துக் கோழிக்கும் சொல்லிக் கொடுக்கும். இன்னும் இரண்டு ஞாயிறு இப்படிப் போனால் பண்ணை முழுக்கத் தன் முட்டையைத் தானே தின்னும் கோழிகள்தான் இருக்கும்.

தேறினதோடு சனிக்கிழமை முட்டையையும் கலந்து பத்து அட்டை நிரப்பிக் கொண்டுபோனேன். ஷெஃப் முதல் முட்டையை உடைத்தார். அது தட்டில் பாய் விரித்தது. இரண்டாவது அதைவிட அகலம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்த திங்களும் இப்படி என்றால் வேறு ஆளைப் பார்ப்பேன்" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

அன்று வீட்டில் ஆலோசனை நடந்தது. மாமா, சனிக்கிழமை முழுக்கக் கொட்டகையை இருட்டாக்கி வைத்தால் ஞாயிறு முட்டை வராது என்றார். அப்படிச் செய்தால் திங்களும் வராது, செவ்வாயும் வராது. அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம மட்டும் அதுங்க வயித்தக் கட்டிப் போடு தாயே." அக்கா கம்பளி உடுப்பு அளவெடுக்க என் தோளில் டேப்பை வைத்தாள்.

புதன்கிழமை சார்ஜென்ட் ஜோனே வீட்டுக்குப் போனேன். கிராமத்துக்கு ஒன்று கேட்கப் போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது. யங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கிப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அவர் வாங்கிக்கொண்டு, இடித்து, மரப் பாத்திரத்தில் கரைத்து, கொட்டாங்கச்சியில் எடுத்துக் கொடுத்தார். ஒரு கைதட்டு, குடிப்பது, மூன்று கைதட்டு, அதுதான் முறை. நான் ஆறு கொட்டாங்கச்சி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. யங்கோனா குடித்தால் நாக்கு மரத்துப்போகும். கூச்சமும் மரத்துப்போகும் என்று பார்த்தேன். நாக்கு மட்டும்தான் மரத்தது.

கடைசியில் சொன்னேன். முட்டை தின்னும் கோழி, ஷெஃப்பின் மூக்குக் கண்ணாடி, கனடா, அம்மாவின் மூக்கு எல்லாவற்றையும் குழறிச் சொன்னேன். சார்ஜென்ட் கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தார்.

"சட்டம் சட்டம்தான் பய்யா. எடுக்கறது வேலை."

மூலையில் பாய் முடைந்துகொண்டிருந்த அவர் மனைவி லித்தியா தலையைத் தூக்காமலே கேட்டாள். "கேக்கறது வேலையா?"

"என்ன கேக்கறது?"

"கெரெகெரே."

கெரெகெரே என்பது ஃபிஜியர்களின் வழக்கம். உறவிலும் அக்கம்பக்கத்திலும் ஒருவரிடம் உள்ளதை இன்னொருவர் கேட்கலாம். கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. கடனும் இல்லை, விலையும் இல்லை. இன்றைக்கு நீ கேட்டாய், நாளைக்கு நான் கேட்பேன், அவ்வளவுதான்.

"ஞாயித்துக்கெழம சர்ச் விட்டதும் நாங்க எல்லாம் வந்து கேக்கறோம்" என்றாள் லித்தியா. "நீ இல்லன்னு சொல்ல முடியாது. நாங்களே எடுத்துக்குவோம். நீ கைய மடக்கிட்டு நில்லு. யாரு வேலை செஞ்சா? யாரு வித்தா?"

சார்ஜென்ட் காகிதத்தை எடுத்தார். ஒரு முறை மேலிருந்து கீழே, ஒரு முறை கீழிருந்து மேலே படித்தார். "கெரெகெரே பத்தி இதுல ஒண்ணும் போடல" என்றார். அவர் முகம் மலர்ந்தது. "நானும் கூடை கொண்டாறேன்."

"அப்புறம் முட்டை?" என்றேன்.

லித்தியா இப்போதுதான் நிமிர்ந்தாள். "அப்புறம் அது எங்க முட்டை. உனக்கு வேணும்னா திங்கக்கெழமை நீ வந்து கேளு. நீயே வரணும். வீடு வீடா. வாயைத் தொறந்து."

"எத்தனை..."

"எத்தனைன்னு கேக்கக் கூடாது. குடுக்கறத வாங்கிக்கணும்."

இருபத்தாறு வீடு. நான் ஏழாவது கொட்டாங்கச்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு வந்தார்கள். கிராமமே வெள்ளை உடுப்பில், சர்ச்சில் பாடின பாட்டை விட்ட இடத்திலிருந்து பாடிக்கொண்டே வரப்பில் வரிசையாக வந்தது. கையில் கூடை, தொப்பி, ஒரு கிழவரிடம் குடை. கொட்டகை வாசலில் நான் கையை மடக்கிக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவரும், "கெரெகெரே, முட்டை" என்றார்கள். நான் தலையாட்டினேன். லித்தியா உள்ளே நின்றுகொண்டு, "மெதுவா! கோழியத் தூக்கிட்டு எடு! முட்டையத் தூக்கிட்டுக் கோழிய எடுக்காத!" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். கோழிகள் எதற்கும் மிரளவில்லை. நாலு குரலில் பாட்டுக் கேட்ட மயக்கத்தில் இன்னும் கொஞ்சம் போட்டன.

அக்கா கிணற்றடியில் நின்று வாயைப் பிளந்து பார்த்தாள். "பண்ணைய ஊரே கொள்ளையடிக்குது. அவன் மாப்பிள்ள மாதிரி வாசல்ல நின்னு எல்லாருக்கும் தலையாட்டறான்!"

"சும்மா இருடி. எல்லாம் வந்துடும்" என்றாள் அம்மா.

"வரலன்னா?"

"வரலன்னா உன்கூட வரேன். போதுமா?" என்று அம்மா உள்ளே போய்விட்டாள். அவள் குரல் சரியில்லை.

திங்கட்கிழமை விடியும்போது கிராமத்தின் முதல் வீட்டு வாசலில் நின்றேன். தொண்டையைக் கனைத்தேன். நாய் குரைத்தது. திரும்பிவிடலாமா என்றிருந்தது. அம்மாவின் மூக்கை நினைத்துக்கொண்டு, "கெரெகெரே... முட்டை" என்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு பெண் கூடையோடு வந்து, "சத்தமாக் கேளு, எங்க கெழவருக்குக் காது கேக்காது" என்றாள். சத்தமாகக் கேட்டேன். பதினாலு கொடுத்தாள்.

இரண்டாவது வீட்டில் பதினேழு. அடுத்த வீட்டில் ராத்திரியே எல்லாவற்றையும் பொரித்துத் தின்றுவிட்டார்கள், வெட்கப்பட்டுக்கொண்டு எனக்கு இரண்டு சேப்பங்கிழங்கு கொடுத்தார்கள். கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டுமே, வாங்கிக்கொண்டேன். ஒரு வீட்டில் எடுத்ததைவிட அதிகமாக வந்தது. வீட்டு வாத்தின் முட்டை இரண்டு சேர்ந்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுப் போ என்றார்கள். அடுத்தவர் வீட்டில் சாப்பிட எனக்குக் கூச்சம், வேண்டாம் வேண்டாம் என்று ஓடினேன். பதினைந்தாவது வீடு வந்தபோது என் குரல் எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு ஓங்கியிருந்தது.

கடைசி வீடு சார்ஜென்ட் வீடு. ரோட்டோரம் இருந்தது. அவர்கள் கொடுத்ததையும் சுற்றிப் பார்த்து வேனில் அடுக்கினேன். ஒன்பது அட்டை நிறைந்தது. பத்தாவதில் ஒரே ஒரு குழி காலி.

ஒன்றுதானே என்று நீங்கள் நினைக்கலாம். ஷெஃப்பைத் தெரியாது உங்களுக்கு. நான் வாத்து முட்டையை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தேன், அது குழிக்குள் இறங்காமல் பூதம் மாதிரி உட்கார்ந்தது. எடுத்துவிட்டேன். கொட்டகைக்குத் திரும்பி ஓட நேரமில்லை. லித்தியா, "டீ குடி, மரவள்ளிக் கிழங்கு சாப்பிடு" என்றாள். வேண்டாம் என்று வேனின் மறுபக்கம் போய்க் கயிற்றைக் கட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் குழி நிறைந்திருந்தது. வீட்டில் இன்னொன்று கிடைத்திருக்கிறது, வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நேரமாகிவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு முட்டையைச் சுற்றிப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன்.

ஷெஃப் தட்டோடு காத்திருந்தார். முதல் அட்டை. உடைத்தார், குனிந்தார். மஞ்சள் கரு கோபுரம் மாதிரி நின்றது. "ம்." இரண்டு. "ம்." ஒன்பது அட்டைக்கும் ம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பத்தாவது அட்டையின் மேல் அவர் விரல் போய், ஒரு இடத்தில் நின்றது. புருவம் உயர்ந்தது. அந்த முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் சூடாக இருக்கிறதே! இப்போதுதான் இட்டதா?"

நான் பெருமையோடு தலையாட்டினேன்.

"இவ்வளவு புதிய முட்டையை நான் என் நாட்டில்கூடப் பார்த்ததில்லை" என்று சொல்லி, உதவிச் சமையல்காரர்களையும் பக்கத்தில் கூப்பிட்டார். இடது கையால் தட்டில் ஒரு தட்டு தட்டினார்.

டொக்.

இன்னொரு தட்டு. டொக். ஓடு நொறுங்கியது. உள்ளேயிருந்து ஒன்றும் வழியவில்லை. வெள்ளையாக, உருண்டையாக, பளபளவென்று ஒரு வெந்த முட்டை தட்டில் உருண்டு விளிம்பில் போய் நின்றது.

ஷெஃப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

அந்தச் சமையலறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். என் அம்மா கம்பளி உடுப்போடு பிளேன் படியில் ஏறுவது எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். காலையிலிருந்து இருபத்தாறு வீட்டில் கத்தின வாய், அது தானாகவே ஓடியது. சட்டம், இரக்கம், வியாபாரம், மஞ்சள் மூக்குக் கோழி, கெரெகெரே, குடையில் முட்டை கொண்டுபோன கிழவர், சேப்பங்கிழங்கு எல்லாவற்றையும் சொன்னேன். என்னுடைய இங்கிலீஷில்தான் சொன்னேன். பத்து நிமிஷம் யாரும் நகரவில்லை. கடைசியில், லித்தியா அம்மா எவ்வளவு சொல்லியும் நான் ஒன்றும் சாப்பிடாமல் ஓடினேன் என்று சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது. அது ஹோட்டலுக்கு வைத்த முட்டை இல்லை. வழியில் சாப்பிட எனக்கு வைத்த முட்டை.

ஷெஃப் அதில் ஒட்டியிருந்த மிச்ச ஓட்டையும் உரித்தார். கத்தியால் இரண்டாக வெட்டினார். உப்புப் போட்டார். ஒரு பாதியை என் கையில் கொடுத்துவிட்டு மறுபாதியை மென்றார்.

"பன்னிரண்டு நிமிஷம் வேகவைத்திருக்கிறார். எட்டுப் போதும் என்று அந்த அம்மாவிடம் சொல்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அடுத்த திங்கள் பதினோரு அட்டை. நீ பேசுவாய் என்று எனக்குத் தெரியாது."

எட்டு நிமிஷம் என்பதை லித்தியாவிடம் சொன்னேன். "அவர வந்து கேக்கச் சொல்லு" என்றாள்.

கெடுபிடி தளர்கிற வரைக்கும் ஞாயிறுதோறும் அவர்கள் கேட்டார்கள், திங்கள்தோறும் நான் கேட்டேன். அக்கா வாக்கு மாறவில்லை. அவளும் மாமாவும் மட்டும் கிளம்பினார்கள். நாடி விமான நிலையத்தில் பெட்டியெல்லாம் போன பிறகு, அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மணி, கெரெகெரே" என்றாள்.

"என்னக்கா?"

"அம்மாவ ரெண்டு மாசம் குடுடா. வீடு செட்டாகற வரைக்கும்."

கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. அக்கா வழக்கத்தை நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் கழித்து அம்மா மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு பிளேன் ஏறினாள்.

இரண்டு மாதம் ஆறு மாதம் ஆயிற்று. கடிதத்தில் அம்மா நலம், அம்மா இங்கே பழகிவிட்டாள் என்று அக்கா எழுதினாள். எங்கள் வீட்டில் போன் இல்லை. ஒரு சனிக்கிழமை கடைத்தெரு மளிகைக் கடைக்குப் போய், எட்டுப் பேர் சாமான் வாங்கிக்கொண்டு நிற்க, கனடாவுக்குப் போன் போடச் சொன்னேன். அக்கா எடுத்தாள்.

"அக்கா, கெரெகெரே" என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது. "அம்மாவத் திருப்பிக் குடு."

"எப்ப, எவ்வளவுன்னு கேக்கக் கூடாதுல்ல?" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"கேக்கல. நீ குடுக்கறதுதான்."

அடுத்த மாதம் அம்மா வந்தாள். நாடியின் வெயிலில், காது மூடும் கம்பளித் தொப்பியும் முழங்கால் வரை பூட்ஸும் போட்டுக்கொண்டு, தள்ளுவண்டியைப் பிடித்தபடி வெளியே வந்தாள். நான் ஓடிப்போய் அம்மாவைத் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன், முழுச் சுற்று சுற்றினேன்.

"ஏண்டா, மூக்கு இருக்குதான்னு பாக்கறியா?"

"இல்லம்மா. ஒரு தடவ சுத்திப் பாக்காம வண்டியில ஏத்தி நான் பட்டது போதும்."